கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் ஒரு பீஸ் வந்து விழுந்ததும் முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார்கள். நெஞ்சில் அச்சடித்த படத்தை அந்த நேரத்தில் யாரும் ரசிப்பதில்லை. தோளில் ஓவர்லாக் தையல் விட்டிருக்கிறதா, கீழ்மடிப்பில் பேட்லாக் ஊசி தாண்டியிருக்கிறதா, கழுத்துப் பட்டியில் தையல் இழுத்தால் நூல் அறுகிறதா என்றுதான் கண் தேடும். துணி எத்தனை நாள் உழைக்கும் என்பது உள்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதை இந்த வட்டாரத்தில் கைமடிக்கப் போகும் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இவ்வளவு பழகிய கண், வீட்டு ஹாலுக்கு ஒரு சிறுமேசை வாங்கப் போகும்போது மட்டும் மேல்பலகையின் பளபளப்போடு நின்றுவிடுகிறது. திருப்பூர், உடுமலை, அமராவதி நகர் என்று இப்பகுதியில் புதிதாக எழும் வீடுகளில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டீபாயோ முக்காலியோ வைக்கும் ஆசை பரவியிருக்கிறது. அது நல்ல ஆசை. ஆனால் பழையது என்பதற்காகவே பழையதை வாங்குவது, அச்சைப் பார்த்துப் பனியன் வாங்குவதற்குச் சமம். பிரித்து, சரிசெய்து, மறுபடி பூட்ட முடிகிற மேசையா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பழைய மேசைகளில் பல அந்தக் கேள்விக்கு ஆம் என்கின்றன. இன்று கடையில் அடுக்கியிருக்கும் மலிவான மேசைகளில் பெரும்பாலானவை இல்லை என்கின்றன. பழசின் பக்கம் நிற்க இந்த ஒரு காரணமே போதும்.

இந்தப் பொருளுக்கு நம்மிடம் இருக்கும் பெயரே யோசிக்க வைப்பது. டீபாய் என்றதும் தேநீர் வைக்கும் மேசை என்று நினைத்துக்கொள்கிறோம். தேநீருக்கும் அந்தச் சொல்லின் பிறப்புக்கும் தொடர்பில்லை. மூன்று கால் என்று பொருள்படும் இந்திச் சொல் திபாய், ஆங்கிலேயர் வாயில் புகுந்து, தேநீரின் சாயல் ஏறி, நம்மிடம் டீபாயாகத் திரும்பி வந்தது. அதாவது டீபாய் என்றாலும் முக்காலி என்றாலும் ஒரே பொருள்தான். தேக்கின் கதையும் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குரிய பெயரும், தாவரவியலார் அதற்கு வைத்த டெக்டோனா என்ற பெயரும் தமிழ், மலையாளத்தின் தேக்கிலிருந்து கிளைத்தவை. சோபாவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேசை போடுவது நம் வீடுகளின் மரபு இல்லைதான். கொங்கு நாட்டு வீட்டின் ஆசாரத்தில் பாயும் கட்டிலும் இருந்தன. தாழ்வான மணை, முக்காலி, கல்லாப்பெட்டி, சாய்வு மூடி வைத்த கணக்குப் பெட்டி ஆகியவையே சின்ன மரச்சாமான்கள். ஆகவே பழைய சிறுமேசை தேடுகிறவர் மேசையென்று பெயர் எழுதியதை மட்டும் தேட வேண்டியதில்லை. உறுதியான ஒரு கல்லாப்பெட்டி, செய்தித்தாளையும் கண்ணாடிக்கூட்டையும் காபி டம்ளரையும் மேலே தாங்கிக்கொண்டு, உள்ளே மின்கட்டண ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கும்.

அமராவதி நகரிலிருந்து தெற்கே பார்த்தால், அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால் ஆனைமலைத் தொடர் நிற்கிறது. அதே தொடரில் பொள்ளாச்சிக்கு மேலே டாப்ஸ்லிப் இருக்கிறது. வெட்டிய தேக்குக் கட்டைகளை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து போன தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்தில் கப்பலாயிற்று, ரயில் பாதைக்கு அடியில் கட்டையாயிற்று. வெட்டிக்கொண்டே போனதில் காடு மொட்டையாகிவிடும் என்ற நிலையில்தான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடி தேக்கு வளர்க்கும் வேலையில் இறங்கினார். 1933இல் இறந்த அவர், தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே டாப்ஸ்லிப்பில் அடக்கமாகியிருக்கிறார். 1976இல் இந்தக் காடு சரணாலயமாகவும், பிறகு புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. அமராவதி வனச்சரகமும் அதற்குள் அடங்கும். கூடலூர்க் காட்டைப் பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்து இறங்கிய பர்மா தேக்கின் கதையும் மாறிவிட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத முழு மரமாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் நிறுத்தியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூறு ஆண்டு காட்டில் நின்று வைரம் பாய்ந்த தேக்கு இனி நமக்குப் புதிதாகக் கிடைக்கப் போவதில்லை, கிடைக்கவும் கூடாது. தோட்டத்து வரப்பில் பதினைந்து இருபது ஆண்டுகளில் வெட்டும் தேக்கும் தேக்குதான். ஆனால் அதில் வெளுத்த ஓரப்பகுதி அதிகம், நடு வைரம் குறைவு. பூச்சிக்கும் கரையானுக்கும் ஈடுகொடுப்பது அந்த வைரம்தான். ஆக, ஏற்கெனவே வெட்டப்பட்டு, ஏற்கெனவே மேசையாகவும் பெட்டியாகவும் நம் வீடுகளிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடப்பதே நம்மிடம் எஞ்சியிருக்கும் முதுமரத்தின் கையிருப்பு. அதைப் பிளந்து விறகாக்கினாலும், காலொடிந்தது என்று மாடியில் மழையில் போட்டாலும், மலையில் ஒரு மரத்தை இரண்டாம் முறை வெட்டுவது போலத்தான்.

இனி மேசையைக் கவிழ்ப்போம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் தயங்க வேண்டாம். முதலில் காலும் சட்டமும் சேரும் மூலையைப் பாருங்கள். சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் உளியால் வெட்டிய துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்திருந்தால், செய்தவர் தொழில் தெரிந்த ஆசாரி. அந்த மர ஆணியின் தலை மரத்தின் மட்டத்திலிருந்து ஒரு மயிரிழை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் தெரியும். சுற்றியுள்ள மரம் பல கோடையில் சுருங்கியும், நீளவாக்கில் சுருங்காத ஆணி அப்படியே நின்றதன் அடையாளம் அது. இதே கணக்கை வட்ட மேசையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். முழுப்பலகையில் வட்டமாக அறுத்த மேல்பலகை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வட்டமாக இருக்காது. டேப்பை எடுத்து நார் வழியே ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் அளந்தால், குறுக்களவு சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும். இரண்டும் அச்சு பிசகாமல் ஒன்றாக இருந்தால் விற்பவர் சொல்லும் வயதைக் கொஞ்சம் ஐயத்தோடு கேட்பது நல்லது. மேல்பலகையின் அடியில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்துங்கள். கையால் இழைத்த பலகையில் இழைப்புளி போன தடம் அலை அலையாகக் கைக்குத் தட்டுப்படும். யாரும் பார்க்காத பக்கம் என்பதால் ஆசாரி அதை மினுக்கியிருக்க மாட்டார். இழுப்பறை இருந்தால் முழுவதும் வெளியே இழுத்து, மூலையில் பலகைகள் புறாவால் போல விரிந்து ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றனவா என்று பாருங்கள். கையால் வெட்டியவை ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசப்படும்.

பசையும் ஒரு சாட்சி. பழைய ஆசாரிகள் பயன்படுத்தியது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிய வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். மூட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டலாம். 1959இல் பெவிகால் வந்த பிறகு மெல்ல மெல்ல வெள்ளைப் பசை அந்த இடத்தைப் பிடித்தது. வலுவான பசைதான், ஆனால் கழற்ற நினைத்தால் பசைக்கு முன் மரம் பிளந்துகொள்ளும். மேல் மெருகும் அப்படியே. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் பூசும் பழைய பாலிஷ், சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் போடும். உண்மையான குறைதான் அது. ஆனால் அந்த வளையத்தை அதே அரக்கையும் ஸ்பிரிட்டையும் கொண்டு அந்த இடத்தில் மட்டும் சரிசெய்துவிடலாம். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் கிளம்பிவிட்டால் அதற்கு அப்படியொரு வழியில்லை. இளகும் பசை, கரையும் மெருகு, கழன்று வரும் ஆணி ஆகியவற்றைப் பழங்காலத்தின் பலவீனங்களாக நினைக்கிறோம். ஒரு நாள் பழுதாகும், அன்று இன்னொரு ஆசாரி இதைத் திறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிச் செய்த மேசை அது. அந்த எண்ணத்தைத்தான் நான் மதிக்கிறேன்.

பழமையின் தோற்றம் மட்டும் வேண்டுமென்றால் அதைச் செய்து தரப் பலர் இருக்கிறார்கள். இதைத் திருப்பூர் வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை. நேற்று தைத்த டி-சர்ட்டை என்சைம் வாஷில் போட்டுப் பத்து வருடம் உடுத்தியது போல வெளுக்க வைப்பது இங்கே அன்றாட வேலை. மரத்திலும் அதேதான் நடக்கிறது. சங்கிலியால் அடித்து வடு உண்டாக்குவார்கள், ஆணியால் குத்திப் பூச்சித்துளை போல ஆக்குவார்கள், கருஞ்சாயம் தேய்த்து மூலைகளில் அழுக்கு ஏற்றுவார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி, தேய்மானத்துக்குக் காரணம் கேட்பது. கால் வைக்கும் குறுக்குச்சட்டத்தின் மேல்விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும், அடிவிளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். இழுப்பறைக் குமிழைச் சுற்றி விரல் பட்ட இடம் கறுத்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் அப்படி இருக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது காலம் தேய்த்தது இல்லை. அடியில் பிளஸ் தலை ஸ்க்ரூ ஒன்று இருக்கிறதே என்று மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம், யாரோ இடையில் பழுது பார்த்திருக்கலாம். பழைய உத்திரத்தையோ பலகையையோ அறுத்து இன்று செய்த மேசையும் குற்றமில்லை, அப்படிச் சொல்லி விற்றால். பழைய மரத்துக்கு நல்ல கழுந்து போட்டுச் செய்த புது மேசையை, ஆணி அடித்து நிறுத்திய நூற்றாண்டுப் பழசைவிட மேலாகவே கருதுகிறேன்.

பழசில் பூச்சி இருக்கும், வீட்டையே அரித்துவிடும் என்பது அடிக்கடி கேட்கும் தடை. அச்சம் நியாயமானது, சோதனையும் எளிது. மேசையை வெள்ளைத்தாள் மேல் வைத்துத் தட்டிவிட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளில் மாவு போல் புதுத்தூள் விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, வாங்க வேண்டாம். துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அது பெரும்பாலும் பழைய கதை. இதைவிட நான் கவலைப்படுவது பழைய பெயிண்டைப் பற்றித்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயிண்ட் பூசிய மேசையைக் குழந்தை இருக்கும் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஆபத்து. பெயிண்ட் பூசாத, அரக்கு மெருகோடு நிற்பதையே தேர்ந்தெடுங்கள். யார் வீட்டில் இருந்ததோ, எந்த நிலையில் விற்றார்களோ என்ற தயக்கம் வேறு வகை. ஆனால் இடித்த வீட்டின் தேக்கு நிலையையும் கதவையும் வாங்கிப் புது வீட்டில் பூட்டுவது நம் ஊரில் காலங்காலமாக நடக்கிறது. தலைவாசலுக்கு ஏற்றது டீபாய்க்கு ஆகாது என்று சொல்ல முடியாது.

விலை என்ற தடை கனமானது. பலகைத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்த மேசை பாதி விலைக்குக் கிடைக்கும்போது பழைய தேக்குக்கு எதற்கு இத்தனை கொடுக்க வேண்டும் என்று மாதச் சம்பளக்காரர் கேட்டால், அதைப் புறந்தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தூள்பலகையின் காலடியை நாள்தோறும் தரை துடைக்கும் ஈரம் தொடுகிறது. ஓரத்தாள் சற்றே கிளம்பினாலும் தண்ணீர் உள்ளே ஏறிப் பலகை உப்பிவிடும். உப்பியது வற்றினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கழன்ற ஸ்க்ரூ அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. வீடு மாற்றும்போது ஒரு முறை கழற்றிப் பூட்டினாலே ஆட்டம் கண்டுவிடும். வாடகை வீட்டுக்காரருக்குத்தான் இது முதல் நஷ்டம். மலிவு என்பதை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதை இந்த வட்டாரம் ஒருமுறை கசப்பாகக் கற்றிருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்தபடி கிடைத்த மலிவுக்கு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மொத்த ஊரும் விலை கொடுத்தது. மேலும், பழையதெல்லாம் யானை விலை என்பதும் சரியில்லை. செதுக்கு வேலையும் யானைக்கால் உருவமும் உள்ளவைதான் ஏகத்துக்கு விலை ஏறுகின்றன. வங்கியிலோ பள்ளியிலோ கழித்துக் கட்டிய எளிய ஸ்டூலும், கால் ஆடும் சாதாரண டீபாயும் அந்தப் போட்டியில் இல்லை. ஆடும் கால் விலையைப் பேசிக் குறைக்க நல்ல காரணம், அதைச் சரிசெய்வதும் நல்ல மூட்டில் எளிது. பலகை வளைந்ததையும், கால் முறிந்து இரும்புத் தகடு அடித்ததையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு காரைக்குடியிலிருந்து வருகிறது. பழம்பொருளுக்கு ஆசைப்படும் ஒவ்வொருவரும் செட்டிநாட்டு வீடு ஒன்று இடிபடக் காரணமாகிறார் என்கிறார்கள் மரபுக்காக உழைப்பவர்கள். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம்பெற்றன. அதே காலத்தில் வீட்டுத் தூண்களும் செதுக்கிய நிலைகளும் பழம்பொருள் கடைகளில் துண்டு துண்டாக நின்றன. இந்த மறுப்பை முழுக்க மறுக்க என்னால் முடியாது. ஒரு கோடு போடலாம் என்றுதான் நினைக்கிறேன். டீபாய் இடம் மாறுவதற்கென்றே செய்தது. பாகப்பிரிவினையில் அண்ணன் கட்டிலையும் தம்பி மேசையையும் எடுத்துப் போவது வீட்டைக் குலைப்பதில்லை. தூணும் போதிகையும் நிலையும் வீட்டின் உடம்பு. செதுக்கிய கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்ட மேசை, தூணின் போதிகையைக் கவிழ்த்துச் செய்த முக்காலி போன்றவற்றுக்கு எத்தனை அழகிருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீடுகளுக்கும் இதே கோடுதான். வாங்குகிறவர் தொடர்ந்து வேண்டாம் என்றால், அப்படி அறுப்பதும் குறையும்.

எல்லோரும் பழசுக்குப் போனால் ஆசாரிகளின் பிழைப்பு என்ன ஆவது என்றும் கேட்கலாம். அவர்கள் கையிலிருந்த உளியையும் கொட்டாப்புளியையும் பிடுங்கி, தயாராக வரும் பலகையைப் பூட்டும் வேலையை மட்டும் கொடுத்தது பழைய மேசை இல்லை. பழைய கழுந்தைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு எப்படிப் போடுவது என்ற அறிவு இன்னொரு கைக்குப் போகிறது. மனதுக்குப் பிடித்த பழசு கிடைக்காவிட்டால், உள்ளூர் ஆசாரியிடம் வேம்பிலோ வாகையிலோ பலாவிலோ ஒரு முக்காலி செய்யச் சொல்வது, போலிப் பழமையைக் காசு கொடுத்து வாங்குவதைவிட நூறு மடங்கு நேர்மையான வழி. இன்றைக்கு ஒழுங்காகக் கழுந்து போட்டால் அறுபது ஆண்டு கழித்து அதுவும் பழசுதான்.

தேர்ந்தெடுக்கும்போது அளவை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். சோபாவில் சாய்ந்தபடி டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது எழ வேண்டியிருந்தால் அந்த மேசை அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும். சோபாக் கைப்பிடியின் மட்டத்திலோ, ஓரிரு அங்குலம் கீழோ மேல்பலகை நிற்பது வசதி. பழைய முக்காலிகள் தரையில் அமர்பவருக்காகச் செய்தவை, தாழ்வாக இருக்கும். அவற்றைச் சோபாவுக்கு ஏற்றக் காலை நீட்டி ஒட்டுவது வேண்டாத வேலை, திவானுக்கோ ஊஞ்சலுக்கோ பக்கத்தில் போட்டால் பொருந்தும். எல்லா மேசையும் ஒரே மாதிரியாகத் தேடி அலைவதும் வேண்டாம். ஒன்று ஈட்டியாகவும் இன்னொன்று தேக்காகவும் இருப்பதால் ஹாலுக்கு எந்தக் குறையும் வராது.

வாங்கி வந்த பிறகு பாலிஷ் போடக் கொடுக்கும்போதுதான் பலரும் கை மீறி விடுகிறார்கள். மேல்பலகையை எவ்வளவு இழைக்கலாம் என்று ஆசாரியோடு உட்கார்ந்து பேசுங்கள். டம்ளர் வளையம் போக அரக்கு போதும், மரத்தையே சீவ வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் யாரோ ஒருவர் பெயிண்டில் எழுதிய எண் இருக்கும், வீட்டுப்பெயரின் முதலெழுத்து இருக்கும், செய்த ஆசாரி மூட்டுக்கு மூட்டு உளி நுனியால் கீறிய கோடுகள் இருக்கும். எந்தக் கால் எந்தச் சட்டத்துக்கு என்று அடையாளம் வைத்த அந்தக் கோடுகள், அடுத்த முறை பிரிக்கப் போகும் ஆசாரிக்கு வேண்டும். அந்தப் பக்கத்தில் உப்புத்தாளே படக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.